இருபத்திரண்டா, இருபத்து நாலா?

சைக்கிள் வாங்க வருகிற ஆளிடம் எங்கள் ஊர்க் கடைக்காரர் மொத்தமே மூன்று கேள்விகள்தான் கேட்பார். இருபத்திரண்டா, இருபத்து நாலா? செயின் கவர் முழுசா, பாதியா? டைனமோ இப்பவே மாட்டிடலாமா, தீபாவளி போகட்டுமா? முதல் கேள்விக்கு நாம் பதில்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆளை ஏற இறங்கப் பார்த்து, கால் நீளத்தைக் கண்ணாலேயே அளந்து, பரண்மேல் நிற்கும் பையனிடம் "இருபத்திரண்டு இறக்குடா" என்று குரல் கொடுத்துவிடுவார். பிரேம் எந்த இரும்பு, மூட்டை எப்படிச் சேர்த்தார்கள், குழாயின் கனம் என்ன என்றெல்லாம் எழுபதுகளின் கும்பகோணத்தில் எவனாவது கேட்டிருந்தால், "பையனுக்கு ஏதோ மாதிரி இருக்கு, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்று வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள்.

இப்போது அதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டு அலைகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, முட்டியைத் தவிர.

எனக்கு வேண்டியது லக் வைத்த ஸ்டீல் பிரேம். புதிதாக இருக்க வேண்டும். விலை கட்டுப்படியாக வேண்டும். இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் சேர்த்துக் கேட்கலாம். லக் வைத்ததும் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால் காயலான் கடைக்குப் போகலாம். லக் வைத்ததும் வேண்டும், புதிதாகவும் வேண்டும் என்றால் வங்கிக்குப் போகலாம். புதிதும் மலிவும் போதும் என்றால் எந்த ஷோரூமிலும் வெல்டிங் வைத்த பிரேம் வரிசையாகத் தொங்குகிறது. மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

லக் என்றால் பெரிய விஷயமில்லை. சைக்கிள் பிரேமில் குழாய்கள் சந்திக்கும் மூட்டுகளில், உலக்கை நுனியில் பூண் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல ஓர் இரும்பு உறை இருக்கும். ஹேண்டில்பார் இறங்குகிற முன்குழாயில் மேலும் கீழுமாக இரண்டு, சீட்டுக்குக் கீழே ஒன்று, பெடல் அச்சு சுற்றுகிற இடத்தில் ஒன்று. குழாயை உறைக்குள் செருகிச் சூடேற்றிப் பித்தளையை உருக்கிவிட்டால், இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளிக்குள் பித்தளை தானாகவே ஊறி, மூலை முடுக்கெல்லாம் போய் நிறைந்துகொள்ளும். பித்தளை உருக ஏறத்தாழ 900 டிகிரி போதும், இரும்பு உருக 1,500 டிகிரி ஆக வேண்டும். ஆக, குழாய் உருகாமலேயே ஒட்டிக்கொள்கிறது. வெல்டிங்கில் குழாயே உருகித்தான் ஒட்டும். பின்னால் ஒரு குழாய் நசுங்கிப்போனாலும், லக் வைத்த பிரேமில் மூட்டைச் சூடாக்கி அந்தக் குழாயை மட்டும் உருவி வேறு போடலாம். போடத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு லக்கோடு பரிச்சயம் ஏற்பட்டது ஆயுத பூஜையில். அப்பாவின் சைக்கிளைத் துடைப்பது வீட்டில் என் பொறுப்பு. ரிம்முக்கு மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்க்க வேண்டும். மட்கார்டுக்குப் பழைய பனியன். சிரமம் தருவது முன்குழாய்தான். அங்கே லக்கின் ஓரம் அலையலையாக வளைந்து, கடைசியில் கூராக முடியும். அந்த விளிம்பில் போன வருஷத்துச் சந்தனம், அதற்கு முந்தைய வருஷத்துச் சந்தனம், நடுவில் செயின் எண்ணெயில் குழைந்த தெருப்புழுதி எல்லாம் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடக்கும். துணி உள்ளே போகாது. பல் தேய்த்துத் தேய்ந்துபோன பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டி, மிச்சத்தை நகத்தால் எடுக்க வேண்டும். எடுத்து முடித்ததும் அம்மா வந்து அதே இடத்தில் புதுச் சந்தனத்தை அப்புவாள். இந்த வளைவை எவன் கண்டுபிடித்தானோ என்று ஒவ்வொரு வருஷமும் திட்டியிருக்கிறேன்.

இன்று உலகத்தில் ஒரு கூட்டம், லக்கின் விளிம்பு குழாயோடு சேர்கிற அந்தக் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது. கோடு கூர்மையாக இருக்கிறதா, பித்தளை வெளியே வழிந்திருக்கிறதா, அரம் போட்ட தடம் தெரிகிறதா என்று தீர விசாரிக்கிறது. லண்டனில் ஹெட்சின்ஸ் என்று ஒரு கம்பெனி. லக்கைக் கொடியும் சுருளுமாக வெட்டி, கோயில் தேரின் மரவேலைக்கு ஈடாகச் செய்தார்கள். அதன் பழைய பிரேம் ஒன்று இன்று கைமாறினால் அது கலைப்பொருள் வியாபாரம். என்னைப்போல் ஒரு பையன் அதைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து வளர்ந்திருந்தால், அவன் கட்சி என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அப்பாவின் சைக்கிள் அம்பத்தூரில் பிறந்தது. 1949-இல் முருகப்பா குழுமம் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கைகோத்துத் தொடங்கிய தொழிற்சாலை அது. 1955-இல் பக்கத்து ஆவடியில் குழாய்க்கென்றே தனி ஆலை வந்தது. இதில் எனக்குப் பிடித்த சேதி வேறு. பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் என்று ஒரு குழாய்க் கம்பெனி. நுனியில் கனமாகவும் நடுவில் மெலிதாகவும் குழாய் இழுக்கும் வித்தைக்கு 1897-இலேயே காப்புரிமை வாங்கியவர்கள். மூட்டில்தான் பலம் வேண்டும், நடுவில் எதற்கு வீண் எடை என்பது கணக்கு. 1935-இல் அவர்கள் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த குழாய், சைக்கிள் உலகத்தின் பட்டுப்புடவை. ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்சட்டகத்துக்குக்கூட அதைத்தான் போட்டார்கள். அந்த ரெனால்ட்ஸ் 1928-இலிருந்தே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் சொத்து. அப்படிப் பார்த்தால், டூர் டி பிரான்ஸில் ஜெயித்த பிரேமும் எங்கள் தெருவில் பால் ஊற்றிய பிரேமும் ஒன்றுவிட்ட பங்காளிகள். பங்காளிகளுக்குள் போக்குவரத்து இருந்ததாகத் தெரியவில்லை. 531 குழாய் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. நமக்கு வந்தது கனமான சாதா இரும்பு. முழு சைக்கிள் இருபது கிலோவுக்குமேல்.

அந்த இருபது கிலோவின் மேல் வாழ்க்கையே நடந்தது. பாரில் ஒரு பிள்ளை, கேரியரில் மனைவி, அவள் மடியில் இன்னொரு பிள்ளை, ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும். இருட்டில் விளக்கில்லாமல் போனால் காற்றைப் பிடுங்கிவிட்டு, உருட்டிக்கொண்டு போகச் சொல்லும். குடும்பத்தோடு போனால் மட்டும் கண்டுகொள்ளாது. பாரில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் என்பதற்காகப் பாருக்கு ஒரு துண்டைச் சுற்றி வைத்திருப்பார் அப்பா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் எங்களோடு ஓட்டுகிற நண்பர் ஒருவருடைய கார்பன் பிரேம் ஒரு கிலோவுக்கும் குறைவு. டீக்கடையில் நிறுத்தியபோது அதன் பார்மேல் நான் லேசாகச் சாய்ந்ததற்கு அவர் பதறிய பதற்றத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பாரம் படக் கூடாதாம். பாருக்கு அந்தப் பெயர் எதற்கு என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

சரி, ஏன் மறைந்தது லக்? மேற்கே எண்பதுகளில் மலைச் சைக்கிள் பெருகியது. குழாய் தடித்தது, கோணம் மாறியது. லக் என்பது அச்சில் செய்த உறை, அதன் கோணம் மாறாது. புதுக் கோணத்துக்குப் புது அச்சு வேண்டும். வெல்டிங்குக்கு அந்தத் தொந்தரவு இல்லை, குழாயை எந்தக் கோணத்தில் வெட்டி வைத்தாலும் ஒட்டும். முன்பெல்லாம் 531 போன்ற மெல்லிய குழாய்கள் வெல்டிங் சூட்டில் பலம் இழந்துவிடும் என்ற பயமாவது இருந்தது. 1995-இல் அதே ரெனால்ட்ஸ் 853 என்று ஒரு குழாய் கொண்டுவந்தது. வெல்டிங் சூடு ஆறும்போது அது இன்னும் இறுகும். லக்குக்கு இருந்த கடைசிச் சாக்கையும் அதன் சொந்தக்காரர்களே பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு அலுமினியம், அதற்குப் பிறகு கார்பன்.

ஆக, ஊருக்கெல்லாம் ஒரே சைக்கிள், இருபத்திரண்டோ இருபத்து நாலோ, என்று இருந்தவரை லக் மலிவு. ஒரே அச்சில் லட்சக்கணக்கில் தட்டித் தள்ளலாம். ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு கோணம் என்று வந்தபின் லக் ஆடம்பரம்.

என் தேடல் ஓர் ஏசி ஷோரூமில் தொடங்கியது. டீஷர்ட் போட்ட தம்பி, மரியாதையான பையன். "லக் வச்ச பிரேம் இருக்காப்பா?" என்றேன். "லாக் தனியா வரும் சார், நம்பர் லாக்கா, கீ லாக்கா?" என்றான். விளக்கினேன். கேட்டுக்கொண்டவன், மூலையில் இருந்த சைக்கிளைக் காட்டி, "இது ஸ்டீல்தான் சார், ஆனா வெயிட்டு. உங்களுக்கு எதுக்கு ஸ்டீல்? அலாய்ல போயிடுங்க, தவணை இருக்கு" என்றான். ஏழு கியரிலிருந்து இருபத்து நாலு கியர் வரை வரிசையாகக் காட்டினான். இருபத்து நாலு என்ற எண் இன்று பிரேம் உயரத்தைச் சொல்வதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்து அமெரிக்கா. 1994-இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் தன் அமெரிக்கச் சைக்கிள் கடையை மூடியபோது, அங்கே வேலை பார்த்த கிராண்ட் பீட்டர்சன் என்பவர் கலிபோர்னியாவின் வால்நட் கிரீக்கில் ரிவெண்டல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஊரெல்லாம் லக்கைக் கைவிட்டபோது அதையே கொள்கையாகப் பிடித்துக்கொண்டவர். அவர்கள் விற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குழப்பம் அதிகமானது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஹேண்டில்பார். மட்கார்டு. ஸ்டாண்டு. கூடை. தோல் சீட்டு. அகலமான டயர். உயரமானவர்களுக்கு, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு பார் வைத்த பிரேம். நம்மூரில் அதற்குப் பெயர் டபுள் பார். பால் கேனும் சிமென்ட் மூட்டையும் ஏற்றுபவர்கள் வாங்குவது. விலை, பிரேமுக்கு மட்டும், 1,500 டாலருக்குமேல்.

அந்தப் பக்கம் வேலை பார்க்கிற அண்ணன் மகனிடம் வாங்கி வர முடியுமா என்று விசாரித்தேன்.

"சித்தப்பா, இது வெறும் பிரேமா? சக்கரம் கிடையாதா?"

"கிடையாது."

"செயின்?"

"அதுவும் கிடையாது."

"இதே காசுக்கு இங்க பழைய காரே வாங்கலாம் சித்தப்பா. அதுல நாலு சக்கரம் இருக்கும்."

அதற்குமேல் விமானச் சரக்குக் கட்டணம், சுங்கம், வரி. இந்தியாவிலும் கையால் பிரேம் செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிறார்கள். ஒருவரிடம் பேசினேன். என் கை நீளம், கால் நீளம், தோள் அகலம் எல்லாம் கேட்டார். கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு விசாரித்ததில்லை. லக் வேண்டும் என்றதும், "அது கொஞ்சம் ஸ்பெஷல் சார், லக்கை வெளியிலேர்ந்து வரவழைக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார். நியாயமான தொகைதான். அரம் பிடித்து ஒரு மூட்டைத் தேய்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். என் கையில் அந்தத் தொகை இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டுகிற பாய். லாரி இடித்துக் கோணிய போர்க்கை, மின்கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே கொடுத்து ஒரே அழுத்தில் நேராக்குகிற மனிதர். கார்பன் சைக்கிள் நண்பரிடம் ஒருமுறை, "இது வளைஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார். "வளையாது பாய், உடைஞ்சிடும்" என்றார் நண்பர். பாய் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கா சார் அலையுறீங்க? தண்ணி கேன் போடுறவங்க எல்லாம் அதுலதானே போறாங்க" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் தெருவைப் பார்த்தேன். இளநீர்க்காரர், டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போகிறவர், பழைய பேப்பர்காரர், கோலமாவு விற்பவர். எல்லாம் லக். எல்லாம் ஸ்டீல். சில புத்தம் புதிது, பாரில் சுற்றிய காகிதம்கூடக் கிழிக்கப்படாமல். 1951-இல் சோனிப்பத்தில் தொடங்கிய அட்லஸ், தன் கடைசித் தொழிற்சாலையான சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று, சரியாக உலக சைக்கிள் தினத்தில், மூடியபோது கறுப்புச் சைக்கிளுக்கு எல்லோரும் இரங்கல் கட்டுரை எழுதினார்கள். கறுப்புச் சைக்கிள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. அது பாட்டுக்கு லூதியானாவில் செய்யப்பட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பாய் அனுப்பிய மொத்தக் கடை, பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில். ஏசி இல்லை, டீஷர்ட் இல்லை. வேட்டியில் ஒரு பெரியவர், கணக்கு நோட்டு. உள்ளே விட்டத்திலிருந்து கயிற்றில் பிரேம்கள், கறுப்பாக, அம்பதுக்குக் குறையாமல் தொங்கின.

"பிரேம் மட்டுமா? என்ன ஏத்தப் போறீங்க?"

"நான்தான் ஏறப் போறேன்."

ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்திரண்டு இறக்குடா" என்றார் பையனிடம்.

மடியில் வைத்துப் பார்த்தேன். முன்குழாய் லக், வார்த்தது இல்லை, தகட்டை அச்சில் தட்டிச் சுருட்டியது. விளிம்பில் நகத்தை ஓட்டினால் ஓரிடத்தில் உள்ளே போகிறது, ஓரிடத்தில் பித்தளை பொட்டாகத் துருத்துகிறது. கீழ் மூட்டில் பெயின்ட் கெட்டியாக வழிந்து உறைந்திருக்கிறது. பூதக்கண்ணாடிக் கூட்டம் பார்த்தால் மயங்கி விழும். ஆனால் லக் லக்தான், பித்தளை பித்தளைதான், பிரேம் புதிதுதான். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். ரிவெண்டல்காரர் ஒரு கூடைக்கும் தோல் சீட்டுக்கும் கேட்கிற காசுகூட இல்லை.

இதில் நல்ல சாமான்களாகப் போட்டு ஓட்டலாம் என்பதுதான் என் திட்டம். பாயிடம் கொண்டுபோய் வைத்தேன். திட்டம் அங்கேயே முடிந்தது. இந்தப் பிரேம் கேட்பது நம்மூர் இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம். அதன் டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். ஷோரூம் அலாய் சக்கரம் 622. சக்கரம் உள்ளே போகும், ஆனால் பிரேக் கட்டை ஆறரை மில்லிமீட்டர் மேலே நின்று டயரைக் கடிக்கும். போதாக்குறைக்கு இது ராடு பிரேக்குக்குச் செய்த பிரேம், கம்பி பிரேக் மாட்ட ஓட்டை கிடையாது. கியர் தொங்கவிடக் காது கிடையாது. பின்பக்க இடைவெளி ஒற்றை பிரீவீலுக்கு மட்டும். "அதை வேணா கட்டை கொடுத்து விரிச்சிடலாம், இரும்புதானே" என்றார் பாய், சும்மா வாய்வார்த்தைக்கு. பெடல் தண்டைக் காட்டர் பின் அடித்துத்தான் நிறுத்த வேண்டும், ஐம்பது வருஷத்துக்கு முன் எப்படியோ அப்படியே. ஊருக்கெல்லாம் ஒரே சைக்கிள் என்றால் அது முழுசாகத்தான் வரும். பாதி அந்தக் காலம், பாதி இந்தக் காலம் என்று கலக்க விடாது.

திருப்பிக் கொண்டுபோனேன். பெரியவர் பிரேமை வாங்கிக்கொண்டு, எதுவும் கேட்காமல், முழு சைக்கிளுக்குப் பில் போட்டார். பிரேம் எண்ணை லக்கின்மேல் தடவிப் பார்த்து எழுதினார். காணாமல் போனால் ஸ்டேஷனில் கேட்பார்களாம். "யாரு திருடப் போறாங்க, இருந்தாலும் எழுதிக்குங்க" என்றார். மாட்டுகிற கூலியும் சேர்த்து ஏழாயிரத்து இருநூறு. டைனமோ இப்போது வருவதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் இரண்டாவது டீயில் இருந்தார்கள். கார்பன் நண்பர் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து லக்கைத் தடவினார். "வின்டேஜா?" என்றார். புதிது என்றேன். நம்பவில்லை. விலையைச் சொன்னேன்.

"ஏழாயிரத்து இருநூறா? பரவாயில்லையே. எத்தனை மாசத்துக்கு?"